லென்ஸ் இல்லாமல் எடுத்த படங்கள்

பழைய லென்ஸ் வாங்கும்போது முதலில் அதை முகர்ந்து பார்க்க வேண்டும். எல்லோரும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். சின்னக் கீறல் படத்தில் தெரியவே தெரியாது. பூஞ்சை பிடித்த லென்ஸில் மழையில் நனைந்த செருப்பு வாசம் வரும். அதை மட்டும் வாங்கக் கூடாது. என்னுடையதில் பழைய கிரீஸ் வாசம் மட்டும்தான் இருந்தது. பழைய சாமான் கடைக்காரர் அதை ஏதோ குழாய் என்று நினைத்துத் தையல் மிஷின் பாகங்களோடு போட்டு வைத்திருந்தார். ஒரு ஜோடி செருப்பு விலைக்குக் கொடுத்தார்.

எழுதித் தரச் சொல்லி இந்தத் தாள்களை வைத்தபோது நீங்கள் முதலில் கேட்டதே லென்ஸைப் பற்றித்தான், ஐயா. கேமராவில் இருந்த கார்டில் இருநூற்றுப் பதினான்கு படங்கள். ஒவ்வொன்றிலும் தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது. எந்த லென்ஸ் என்று காட்ட வேண்டிய இடம் மட்டும் காலி. நான் எதையோ அழித்துவிட்டேன் என்று உங்கள் கம்ப்யூட்டர்காரர் சந்தேகப்படுகிறார். அவர்மேல் தப்பில்லை. ஆனால் நான் எதையும் அழிக்கவில்லை.

அந்த லென்ஸ் எனக்கு முன்னால் பிறந்தது. நானூறு மில்லிமீட்டர், முழங்கை நீளம். உள்ளே மோட்டார் கிடையாது, சிப் கிடையாது, கேமராவோடு பேச அதற்கு வாய் கிடையாது. நடுவில் ஓர் அடாப்டர் வளையத்தைத் திருகித்தான் மாட்ட வேண்டும். மாட்டியவுடன் கேமரா, லென்ஸே இல்லை என்று சொல்லிப் படம் எடுக்க மறுக்கும். மெனுவுக்குள் போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் எடுக்கலாம் என்று நாம்தான் அனுமதி கொடுக்க வேண்டும். அதற்கப்புறம் தொந்தரவு கிடையாது. முன்னால் ஒன்றரைக் கிலோ இரும்பும் கண்ணாடியும் தொங்கிக்கொண்டிருக்கும். கேமரா மட்டும் எதுவும் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

கேமரா அத்தானுடையது. என் அக்காவின் கணவர். புதிது வாங்கியதும் பழையதை என்னிடம் கொடுத்தார். அவருடைய சட்டை, அவருடைய கைக்கடிகாரம், அவருடைய கட்டில் எல்லாம் அப்படித்தான் எனக்கு வந்து சேர்ந்தன. குறையாகச் சொல்லவில்லை. அப்பா போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத நேரத்தில் அத்தான்தான் வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாடா என்றார். எனக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் ஸ்டூலில் உட்கார்ந்தே தூங்கினார். யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். நானும் அதையேதான் சொல்வேன்.

அவருக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. பழைய கட்டடம் ஒன்றின் நாலாவது மாடி. அதில் என் வேலை உள்ளறையில். முன்பு அது இருட்டறை. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். பிலிம் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்த ஜன்னலைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை. அங்கே உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் முகத்துப் பருவைத் துடைத்தேன். கருவளையத்தை அழித்தேன், வழுக்கையில் நாலு முடி நட்டேன். வெளியே மழை பெய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் உள்ளே வருகிறவர்களின் தலையைப் பார்க்க வேண்டும்.

படம் எடுக்க என்னை விடுவதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. வந்த முதல் மாதம் ஒரு கல்யாணத்தில் என் கையில் கேமராவைக் கொடுத்தார். நான் எடுத்ததில் மாப்பிள்ளையும் பெண்ணும் மங்கலாக விழுந்திருந்தார்கள். பின்னால் அடுக்கி வைத்திருந்த நாற்காலிகள் பளிச்சென்று இருந்தன. அத்தான் கோபப்படவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். உன் கையில போகஸ் நிக்காதுடா என்றார். அன்றைக்கு மங்கல் என்று பெயர் வைத்தார். வாடிக்கையாளர்கள், டீக்கடைக்காரர், தபால்காரர் எல்லோரும் மங்கல் என்றே கூப்பிட்டார்கள். அக்கா மகளுக்கு முதலில் வந்த பேச்சில் அதுவும் ஒன்று. அக்கா மட்டும் தம்பி என்பாள். அம்மா வைத்த பெயர் எனக்கே சில சமயம் படிவம் நிரப்பும்போதுதான் ஞாபகம் வரும்.

முப்பது வயதில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அத்தான் வழக்கம்போலக் கலகலப்பாக இருந்தார்.

"இவனுக்கு எதிர்ல இருக்கறதே சரியாத் தெரியாது. பொண்ணை எங்க பார்க்கப் போறான், நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் அப்புறம் வரவில்லை. வேறு ஊரிலிருந்து பெரிய லேப் ஒன்று என்னை வேலைக்குக் கேட்டபோது போனை எடுத்தவர் அத்தான்; நானே முடிவு செய்ய வேண்டிய சிரமம் இல்லாமல் போயிற்று. என்னைக் கட்டிப் போட்டு வைத்திருந்தார் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். போகாதே என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. போ என்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் லென்ஸ் வந்த பிறகு எனக்குப் பொழுது போகத் தொடங்கியது. அத்தான் வீடு ஒரு கிடங்குக்கு மேலே இருக்கிறது. சமையலறை ஜன்னல் கிழக்கே பார்த்தது. கீழே ரயில் சரக்கு யார்டு. அதைத் தாண்டி நேர் எதிரே எங்கள் ஸ்டூடியோ கட்டடத்தின் மொட்டை மாடி. நேராக அளந்தால் நூற்றைம்பது மீட்டர். நடந்து போக மேம்பாலத்தைச் சுற்ற வேண்டும், பன்னிரண்டு நிமிஷம் ஆகும். தினமும் நடந்த வழி என்பதால் சரியாகச் சொல்ல முடிகிறது. மாடியில் ஸ்டூடியோவின் பெரிய பெயர்ப்பலகை உண்டு. அதன்மேல் ஒரு பருந்து வந்து உட்காரும். விடுமுறை நாள்களில் நான் எடுத்ததெல்லாம் அந்தப் பருந்தைத்தான்.

கையால் போகஸ் செய்வதை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்கார வேலையாகத் தெரியும். வளையத்தைத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். கூர்மையாக இருக்கும் விளிம்புகளில் கேமரா திரைமேல் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். அந்தச் சிவப்பு இறக்கையிலிருந்து கழுத்துக்கு வரும், கழுத்திலிருந்து அலகுக்கு வரும், ஒரு மயிரிழை அதிகம் திருப்பினால் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விடும். எட்டு மாதம் எடுத்தேன். அத்தனையும் சுமார். பருந்து ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. எனக்கு வேண்டியிருந்தது அசையாமல் நிற்கிற ஏதாவது ஒன்று. அத்தான் சில சமயம் பின்னால் வந்து நின்று, என்னடா மங்கல், குழாயில தண்ணி வருதா என்று கேட்டுவிட்டுப் போவார்.

இன்னொரு சிக்கல் ஆட்டம். அவ்வளவு நீள லென்ஸ் காற்றுக்கே நடுங்கும். சரக்கு ரயில் போனால் தரையோடு சேர்ந்து ஆடும். ட்ரைபாடின் நடுவில் கனமாக எதையாவது தொங்கவிடுங்கள் என்று பழைய லென்ஸ்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதனால் வெள்ளிக்கிழமை மாலை ஒரு செங்கல்லைத் துணிப்பையில் போட்டுத் தொங்கவிட்டேன். ஆட்டம் நின்றுவிட்டது. எட்டு மாதமாக இதைச் செய்யாமல் விட்டோமே என்று வருத்தமாக இருந்தது.

மொட்டை மாடிக் கதவைப் பற்றியும் கேட்டீர்கள். இரும்புக் கதவு. உள்பக்கம் ஒரு கனமான கொக்கி. கதவு அடித்துச் சாத்திக்கொண்டால் அது தானாகவே விழுந்து மாட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் பிடிகூடக் கிடையாது. அந்தக் கொக்கியை மாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், யாரும் மாற்றவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் நான் அங்கே மாட்டிக்கொண்டேன். நல்ல கோடை. நாலு மணி நேரம் கதவைத் தட்டினேன். சாயங்காலம் அத்தான் வந்து திறந்தார். கேட்கவில்லையா அத்தான் என்றேன்.

"கேட்டுச்சுடா. கஸ்டமர் இருந்தாங்க. நீ எங்க போயிடப் போறேன்னு விட்டுட்டேன்."

அன்றே ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து கதவுக்குப் பக்கத்தில் போட்டு, கதவை அதனால் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று விதி செய்தார். அதன்மேல் பெயர்ப்பலகைக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டால் 'எடுக்காதே' என்று எழுதினார். அவருக்குக் கையெழுத்து அழகு. வருகிறவர்களிடமெல்லாம், இது மங்கலுக்காக வெச்ச கல்லு என்று சொல்லிச் சிரிப்பார். நாளடைவில் அவருக்கே அது பழக்கமாகிவிட்டது. மாடிக்குப் போனால் திரும்பிப் பார்க்காமல் குதிகாலாலேயே கல்லைத் தள்ளி முட்டுக் கொடுப்பார்.

அந்த நாலு மணி நேரத்துக்காக இதைச் செய்தேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அன்றைக்கு இரண்டு மணி இருபது நிமிஷத்துக்குத் தட்ட ஆரம்பித்தேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். பக்கத்துக் கட்டடம் ஏற்கெனவே தரைமட்டம். மற்ற வாடகைக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், தண்ணீர் இணைப்பைத் துண்டித்ததில் மாடித் தொட்டியும் காய்ந்துவிட்டது, நாங்கள்தான் கடைசி. செவ்வாய்க்கிழமை ஆள்கள் வருவதாக இருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும். ஸ்டூடியோ போய்விட்டால் அந்த அறையும் போய்விடுமே. எங்கே போவேன் என்று யோசிக்கவில்லை. போய்விடலாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலை நாலு மணிக்கு அத்தான் உள்ளறைக்கு வந்து, புது இடம் பிடித்துவிட்டதாகச் சொன்னார். வணிக வளாகத்தின் அடித்தளம். எனக்கென்று தனி அறை, ஏசி, புது நாற்காலி. அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. என்னைச் சந்தோஷப்படுத்த எவ்வளவு நாளாக இதை மனசில் வைத்திருந்தாரோ.

"இன்னும் இருபது வருஷத்துக்கு உனக்குக் கவலையில்லடா."

"ஜன்னல் இருக்கா அத்தான்?"

"உனக்கு எதுக்குடா ஜன்னல்?"

அவர் அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். பிறகு, நாளைக் காலையில் வெயில் ஏறுவதற்குள் மாடிக்குப் போய்ப் பெயர்ப்பலகையைக் கழற்றிவிடுகிறேன், புது இடத்தில் அதையே மாட்டலாம் என்றார். நான் சரி என்றேன். அன்று கடைசியாகப் பூட்டிவிட்டு வந்தது நான்தான். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் சேர்ந்தாற்போல் விடுமுறை. அந்தத் தெருவில் வீடுகள் இல்லை, கடைகள் மட்டும்தான். அக்காவும் ஊரில் இல்லை. மகளுக்கு இது பிரசவ மாதம். கூட இருக்கப் போயிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு அத்தான் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர் எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மதியம் சாப்பிட வந்துவிடுகிறேன் என்றார். நான் ஜன்னலில் கேமராவை நிறுத்தியிருந்தேன். பருந்து வந்திருந்தது. ஏழு ஐம்பத்திரண்டுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் மாடிக்கு வந்தார். பருந்து பறந்துவிட்டது. போகஸ் அங்கேயேதான் இருந்தது.

முதல் படம் அதுதான். சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு நிற்கிறார். போன் சட்டைப் பையில், சட்டை கீழே ஸ்டூடியோவில் ஆணியில். இரண்டாவது படத்தில் வலது கால் பின்னால் போயிருக்கிறது. குதிகாலால் துழாவுகிறார். மூன்றாவதில் இன்னும் துழாவுகிறார். நாலாவதில் கதவு சாத்தியிருக்கிறது.

கொஞ்ச நேரம் அவர் அவசரப்படவில்லை. பலகையின் இரண்டு போல்ட்டைக் கழற்றக்கூடச் செய்தார். பிறகுதான் கதவிடம் போனார். ஸ்குரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினார், தோளால் முட்டினார், ஸ்பேனரால் அடித்தார். சத்தம் கேட்டதா என்று கேட்டீர்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தபோது கேட்டது. ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்தால் படம் கெட்டுவிடும் என்பதால் நான் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன். மற்றபடி எங்கள் வரிசையில் எல்லாம் கிடங்குகள், விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்தன. யார்டில் எஞ்சின் சத்தம் ஓயாது.

எட்டேகால் இருக்கும். தெருப்பக்கச் சுவரில் எக்கி, கீழே ஸ்பேனரை எறியக் கையை ஓங்கியிருந்தவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். காலை வெயில் நேராக என் லென்ஸின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய கண்ணாடி. தூரத்திலிருந்து பார்த்தால் டார்ச் அடித்தது போலிருக்கும். அது அவருடைய வீட்டு ஜன்னல், அங்கே காலையில் யார் நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியும். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். கதவைக் காட்டினார். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பதினேழாவது படம். எவ்வளவு நிம்மதி என்று நீங்களே பார்க்கலாம்.

அதற்குப் பிறகு அவர் கதவை அடிக்கவில்லை, கத்தவும் இல்லை, ஸ்பேனரையும் எறியவில்லை. தொட்டியின் நிழலில் போய் உட்கார்ந்து காத்திருந்தார். எனக்கும் மனசு லேசாயிற்று. அவர் பதறுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

பத்து மணிக்கு மேல் படம் எடுத்துப் பிரயோஜனமில்லை. தகரக் கூரைகளிலிருந்து எழும் வெக்கையில் எல்லாம் பாலாடை போல நெளியும். சமைத்தேன். மதியம் வருவதாகச் சொல்லியிருந்தாரே என்று அவருக்கும் சேர்த்துத்தான் சமைத்தேன். மாலை வெயில் திரும்பி அவர் முகத்தில் விழ ஆரம்பித்ததும் மறுபடி உட்கார்ந்தேன். அவர் சுவர் ஓரமாக நின்று மேம்பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வருகிற வழி அது. அந்த வரிசையில் நாற்பது படங்கள் இருக்கின்றன. அவ்வளவும் முன்னே பின்னே போகஸ் நழுவியவை. என் கை இன்னும் பழகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லென்ஸுக்கு ஒரு முகமூடி செய்தேன். கறுப்பு அட்டையைச் சுருட்டிக் குழலாக்கி முன்னால் மாட்டுவது. இதைப் பற்றி நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். பழைய லென்ஸ்களில் கண்ணாடிப் பூச்சு சுமார்தான். எதிர்வெயில் பட்டால் படம் முழுக்க வெள்ளைப் புகை படர்ந்துவிடும். யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள், முகமூடி இல்லாமல் எதிர்வெயிலில் எடுக்காதே என்றுதான் சொல்வார்கள். அதைப் போட்ட பிறகு கண்ணாடி மின்னாது என்பது உண்மைதான். அவர் வந்து நெற்றியில் கை வைத்து நெடுநேரம் ஜன்னலைப் பார்த்தார். யாரும் இல்லை என்று நினைத்திருப்பார். படங்கள் முந்தின நாளைவிட எவ்வளவோ தெளிவு.

அன்றைக்கே ஃபிரிட்ஜையும் அணைத்தேன். ட்ரைபாடின் ஒரு கால் அதை ஒட்டி நின்றது. அது உறுமும்போதெல்லாம் லென்ஸ் நடுங்கியது. அத்தானின் சர்க்கரை ஊசி மருந்து உள்ளே இருந்தது. அதை அவர் இரண்டு வேளை போட வேண்டும். பரவாயில்லை என்று தோன்றியது. அன்று ஒரு ஆளுக்கு மட்டும் சமைத்தேன்.

பதினொரு மணிக்கு அக்கா பேசினாள். பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்றாள். குரல் தழுதழுத்தது. எனக்கும் கண் கலங்கியது, ஐயா. அந்தக் குழந்தையை என் கையால் படம் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"அத்தான் போனே எடுக்கலயே தம்பி. நேத்திலேருந்து அடிக்கறேன். பார்த்தியா அவரை?"

"பார்த்தேன்க்கா. இப்பகூடப் பார்த்தேன். மாடியில போர்டு வேலையா இருக்காரு."

"இந்த வெயில்லயா? சாப்பிட்டாரா இல்லையா?"

"போன் கீழ சட்டையில கிடக்கும். நான் சொல்றேன்க்கா."

"தாத்தா ஆயிட்டாருன்னு சொல்லு. அவருக்கு ஊசி போடணும்னு ஞாபகப்படுத்து."

நான் அக்காவிடம் இதுவரை பொய் சொன்னதில்லை. அன்றும் பார்த்ததைத்தான் சொன்னேன். நான் சொல்கிறேன் என்றது மட்டும் நடக்கவில்லை. நூற்றைம்பது மீட்டருக்குச் சத்தம் போட்டுச் சொல்கிற விஷயமா அது?

போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். பன்னிரண்டு நிமிஷம்தானே, உன்னிடமும் ஒரு சாவி இருந்ததே என்றீர்கள். நியாயம். நானும் யோசித்தேன். இரண்டு முறை செருப்பைக்கூடப் போட்டேன். போய்த் திறந்தால் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கன்னத்தில் ஒரு அறை விடுவார், அப்புறம் கட்டிப் பிடித்துக்கொள்வார். மங்கல் என்னைக் காப்பாத்த ஒன்றரை நாள் யோசிச்சான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். புதன்கிழமை அந்த அடித்தள அறைக்குள் என் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ப் போடுவார். அதன் கதவு எங்கே, மேசை எங்கே, ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் எந்தச் சுவர் என்பதெல்லாம் கண்முன்னே நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். என்னால் அந்த அறைக்குள் போக முடியவில்லை, ஐயா. மாடிக்கதவைத் திறந்தால் அந்த அறையையும் சேர்த்தே திறக்க வேண்டியிருந்தது.

ஞாயிறு மாலைக்குள் அவர் நடமாடுவது குறைந்துவிட்டது. என் பக்கம் சுவரில் சாய்ந்து அப்படியே இருப்பார். பருந்தோடு எட்டு மாதம் பட்ட பாட்டுக்கு இது எவ்வளவோ மேல். வளையத்தை நிதானமாகத் திருப்பலாம். சிவப்புக் கோடு சுவரின் விளிம்பிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து காதுக்கு, காதிலிருந்து மூக்குக் கண்ணாடியின் பிரேமுக்கு வரும் வரை பொறுமையாக இருக்கலாம். அவர் எனக்குச் சொல்லித் தராமல் விட்ட பாடத்தை அந்த இரண்டு நாளில் படித்தேன். என் விரல்களுக்கு அது தெரியவந்ததை நானே உணர்ந்தேன். இவ்வளவு நாளும் கையில் குறையில்லை, சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை என்று புரிந்தபோது வாய்விட்டே அழுதேன்.

திங்கட்கிழமை மாலை நாலு ஐம்பது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்திருக்கவே நிறைய நேரம் ஆயிற்று. ஜன்னலை நேராகப் பார்த்தார். குழலுக்குள் கண்ணாடி தெரிந்திருக்காது. ஆனாலும் பார்த்தார். அவர் முகம் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை. வாயைத் திறந்து கூப்பிட்டார். சத்தம் வரவில்லை, எஞ்சின் போய்க்கொண்டிருந்தது. மங்கல் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் உதடு இரண்டும் ஒட்ட வேண்டும். நான் பத்து மடங்கு பெரிதாக்கி வைத்திருந்தேன். ஒட்டவில்லை. அம்மா வைத்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

அப்போதுதான் அழுத்தினேன். நூற்றெண்பத்தேழாவது படம்.

மீதி இருபத்தேழு படங்களில் அவர் இல்லை, சுவர்தான் இருக்கிறது. கடைசி ஆறு செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்தது. பருந்து திரும்பி வந்து பெயர்ப்பலகையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் நன்றாகவே விழுந்திருக்கிறது. ஏழே முக்காலுக்கு இடிக்கிற ஆள்கள் மேலே ஏறிக் கதவைத் திறந்ததையும் பார்த்தேன். கேமராவைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு, நீங்கள் வருவதற்காகச் சட்டை மாற்றிக்கொண்டேன்.

நேற்று மேசைமேல் அந்தச் செங்கல்லை வைத்து, இது எப்படி உன் துணிப்பைக்குள் வந்தது என்று கேட்டீர்கள். ட்ரைபாடுக்குக் கனம் வேண்டியிருந்தது, கையில் கிடைத்ததை எடுத்தேன் என்று சொன்னேன். நீங்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள். இரவெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு அதை மட்டும் மழுப்புவது சரியில்லை.

பக்கத்துக் கட்டடத்தை இடித்த செங்கல் எங்கள் வாசலிலேயே ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஸ்டூடியோவைப் பூட்டிக் கீழே இறங்கி, அந்தக் குவியலைத் தாண்டி, தெருமுனை வரைக்கும் போய்விட்டேன். அப்புறம் திரும்பி வந்து நாலு மாடியும் ஏறி, மொட்டை மாடிக் கதவுக்குப் பக்கத்திலிருந்து அந்த ஒரு செங்கல்லை எடுத்துக்கொண்டு போனேன். எழுத்து மேலே தெரியும்படிதான் பையில் வைத்தேன்.

இந்த அறை மூன்று மீட்டர் நீளம் இருக்கும். அந்த லென்ஸுக்கு ஒன்பது மீட்டருக்குள் இருப்பது எதுவும் தெரியாது. இங்கே அதைக் கொடுத்தாலும் எனக்கு உபயோகமில்லை. அதனால் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்பது ஒன்றுதான். அக்கா இன்று வருகிறாள் என்றீர்கள். என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னதாகவும் சொன்னீர்கள். அவள் இப்போது கோபமாக இருக்கிறாள். அந்த நூற்றெண்பத்தேழாவது படத்தைப் பெரிதாக அச்சிட்டு அவளிடம் கொடுங்கள். போகஸ் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் அவளுக்கு என்னை நினைத்துப் பெருமையாக இருக்கும்.